நான்கு பழைய கணினிகளில் 28,680 டிங்கி ஒப்பீடுகள்

240 டிங்கிக் கிருமிகளின் மரபணுத்தொகுதிகளை ஒன்றுவிடாமல் ஒன்றோடொன்று ஒப்பிடும் வேலை கடைசியில் 15 நிமிடம் 10 விநாடியில் முடிந்தது. அலுவலகங்கள் கழித்துவிட்ட நான்கு மேசைக் கணினிகள், ஒரு நெட்வொர்க் சுவிட்ச், சி மொழியில் எழுதிய சில நூறு வரி நிரல், இவ்வளவுதான் சரக்கு. பினாங்கு ஜெலுத்தோங்கில் எங்கள் வீட்டுப் பின்னறையில் ஓடுகிறது. இதே வேலையை முதலில் எழுதிய நிரலிடம் விட்டிருந்தால் இரண்டு மாதம் பிடித்திருக்கும். நேரம் எங்கே போனது, எது கைகொடுத்தது, எது கைகொடுக்கவில்லை என்பதை நினைவு மங்குவதற்குள் எழுதிவைக்கிறேன்.

ஆய்வு என் அக்கா மகளுடையது. பல்கலைக்கழகத்தில் உயிர்தொழில்நுட்பம் இறுதியாண்டு படிக்கிறாள். நான் பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் கருவிப் பராமரிப்பில் இருக்கிறேன். உயிரியல் அவள் பக்கம், கணினியும் கேபிளும் என் பக்கம் என்று பிரித்துக்கொண்டோம்.

டிங்கிக் கிருமியில் நான்கு வகைகள் உண்டு. தரவுத்தளத்தில் மாதிரியாக வைத்திருக்கும் மரபணு வரிசைகளின் நீளம் முதல் வகைக்கு 10,735 எழுத்து, இரண்டாவதற்கு 10,723, மூன்றாவதற்கு 10,707, நான்காவதற்கு 10,649. கிருமி ஆர்என்ஏ வகையைச் சேர்ந்ததுதான். ஆனால் ஆய்வகத்தில் அதை டிஎன்ஏவாக மாற்றிப் படிப்பதால், ஏ, சி, ஜி, டி என்ற நான்கு எழுத்துகளாகவே கோப்பு வரும். அவள் இறக்கி வைத்திருந்தவை 240. ஒவ்வொன்றையும் மற்ற எல்லாவற்றோடும் ஒப்பிட்டால் 240 × 239 ÷ 2, அதாவது 28,680 இணைகள்.

ஒப்பிடும் முறை 1981-இல் டெம்பிள் ஸ்மித்தும் மைக்கேல் வாட்டர்மனும் வெளியிட்டது. இடைவெளிகளுக்கான (ஒரு வரிசையில் எழுத்து விடுபட்ட இடங்களுக்கான) கணக்கு மட்டும் 1982-இல் ஒசாமு கோட்டோ திருத்தியபடி. ஒரு வரிசையை மேலேயும் மற்றொன்றை இடப்பக்கத்திலும் எழுதி, நடுவில் உள்ள எல்லாக் கட்டங்களையும் நிரப்ப வேண்டும். ஒவ்வொரு கட்டமும் தனக்கு இடப்பக்கம், மேல், மேல்-இடது மூலை ஆகிய மூன்று கட்டங்களைப் பார்த்துத் தன் மதிப்பெண்ணைப் பெறுகிறது. எழுத்து ஒத்தால் 2 கூடும், ஒவ்வாவிட்டால் 3 குறையும். இடைவெளி திறக்க 5, நீட்ட 2 குறையும். முதல் வகைக்கும் இரண்டாம் வகைக்கும் இடையில் ஒரே ஓர் ஒப்பீட்டுக்கு 115 மில்லியன் கட்டங்கள். மொத்த வேலை 3.3 டிரில்லியன் கட்டங்கள். 1990-இல் வந்த பிளாஸ்ட் போன்ற விரைவு முறைகள் இந்தக் கட்டங்களில் பெரும்பாலானவற்றைத் தொடாமலே விடை சொல்லிவிடும். அவளுடைய ஆய்வே விரைவு முறையின் விடை முழுக்கணக்கிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்பதைப் பற்றியது. ஆகவே முழுக்கணக்கைத் தவிர்க்க வழியில்லை.

அவள் முதலில் பைத்தானில் எழுதியிருந்தாள். மதிப்பெண்ணுக்கு ஒன்று, இடைவெளிக் கணக்குக்கு இரண்டு என மூன்று அட்டவணைகளையும் முழுசாக நினைவகத்தில் வைத்ததால் 8 ஜிபி மடிக்கணினி மூச்சுத் திணறியது. மதிப்பெண் மட்டும் போதும், எந்த எழுத்து எதோடு பொருந்துகிறது என்ற வழித்தடம் தேவையில்லை என்று முடிவு செய்ததும் நினைவகப் பிரச்சினை தீர்ந்தது. நடப்பு வரியும் அதற்கு முந்தைய வரியும் இருந்தால் போதும், மீதியைத் தூக்கி எறியலாம். அப்படியும் ஓர் இணைக்கு மூன்று நிமிடம். 28,680 இணைகளுக்கு 86,040 நிமிடம், ஏறக்குறைய 60 நாள்.

அதே கணக்கைச் சி மொழியில் எழுதியதும் ஓர் இணை 0.46 விநாடிக்கு இறங்கியது. இன்னும் ஒரு கோர்தான் (பிராசசருக்குள் தனியாகக் கணக்குப் போடும் பகுதி) ஓடுகிறது, இணைக் கணிப்பு (பல கோர்களில் ஒரே நேரத்தில் கணக்கிடுவது) எதுவும் இல்லை, மொழி மாற்றம் மட்டுமே. மொத்தம் 3 மணி 40 நிமிடம். தைப்பூசத்தன்று காலையில் அதை ஓடவிட்டுத் தண்ணீர்மலைக்குப் போனோம். திரும்பி வந்தபோது முடிந்து கிடந்தது. அந்த விடைக்கோப்பைத் தொடாமல் பத்திரப்படுத்தினேன். பின்னால் செய்த ஒவ்வொரு மாற்றத்தையும் அதோடு ஒப்பிட்டுத்தான் ஏற்றுக்கொண்டோம். இந்த முயற்சியில் மிக அதிகப் பயன் தந்த கோப்பு அதுதான்.

3 மணி 40 நிமிடம் ஒரு முறைக்குப் பரவாயில்லை. ஆனால் மதிப்பெண் விதிகளை மாற்றிப் பார்க்க வேண்டும், ஐயமான வரிசைகளை நீக்கிப் பார்க்க வேண்டும், புதியவற்றைச் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு கேள்விக்கும் பாதி நாள் காத்திருந்தால் கேள்வி கேட்கும் ஆசையே போய்விடும். அதனால்தான் கணினிகள் வாங்கினோம்.

நான்கும் ஒரே மாதிரியானவை: ஐ5-6500 பிராசசர், நான்கு கோர், 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி. ஒன்று 330 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) வீதம் 1,320 வெள்ளி. எட்டுத் துளை கிகாபிட் சுவிட்ச் 68, நான்கு கேபிள் 24, தெர்மல் பேஸ்ட் 18, மின்சார நீட்டிப்புப் பலகை 35, செருகி அளக்கும் வாட் மீட்டர் 42. மொத்தம் 1,507 வெள்ளி. நான்கிலும் டெபியன் லினக்ஸ் ஏற்றி, ஒரே பயனர் பெயர், ஒரே கோப்புறைப் பாதை வைத்து, கடவுச்சொல் கேட்காமல் ஒன்றுக்குள் ஒன்று நுழையும்படி எஸ்எஸ்எச் சாவிகளைப் பரிமாறினேன். கணினிகளுக்கிடையே செய்தி அனுப்ப ஓபன் எம்பிஐ.

முதல் நாளே நிரல் தொடங்கிய இடத்தில் அப்படியே நின்றது. பிழைச் செய்தி இல்லை, விடையும் இல்லை. இந்தக் கணினிகளில் வைஃபையும் கேபிளும் சேர்ந்தே இணைப்பில் இருந்தன. ஓபன் எம்பிஐ இருக்கிற எல்லா வழிகளிலும் பேச முயலும். ஒரு கணினி வைஃபை முகவரியில் கூப்பிட, அடுத்தது கேபிள் பக்கம் காத்திருந்தது. கேபிள் இணைப்பு வழியாக மட்டும் பேசு என்று ஓட்டும் கட்டளையில் குறிப்பிட்டதும் சரியாயிற்று. பின்னர் வைஃபையை நான்கிலும் அணைத்தே விட்டேன்.

அடுத்தது கேபிள். மூன்றாவது கணினி மட்டும் செய்திகளை மெதுவாக அனுப்பியது. இணைப்பின் வேகத்தைக் கேட்டுப் பார்த்தால் 1000-க்குப் பதில் 100 என்று காட்டியது. வீட்டில் கிடந்த பழைய கேபிள் ஒன்றை அதில் செருகியிருந்தேன். உள்ளே நான்கு ஜோடிக் கம்பிகள்; 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடி போதும், கிகாபிட்டுக்கு நான்கும் உயிரோடு இருக்க வேண்டும். சோதிப்பானில் போட்டபோது ஏழாம் எண் விளக்கு எரியவில்லை. பிளாஸ்டிக் முனைக்குள் பழுப்பு-வெள்ளைக் கம்பி பித்தளைப் பல்லில் ஏறாமல் அரை மில்லிமீட்டர் பின்தங்கி நின்றது. கண்ணுக்கு நேராகப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பினால்தான் தெரிகிறது. முனையை வெட்டி மறுபடி நசுக்குவதைவிட 6 வெள்ளிக்குப் புதிய கேபிள் வாங்குவது எளிது.

மூன்றாவது தொல்லை சூடு. நான்கு கோரும் முழு வேகத்தில் ஓடியபோது இரண்டாம் கணினி 97 டிகிரியைத் தொட்டுத் தானாக வேகத்தைக் குறைத்துக்கொண்டது. அறையே 32 டிகிரி. பின்னறையில் ஏர்கோன் கிடையாது. பிராசசரின் சூட்டை இழுக்கும் வெப்பத்தட்டைக் கழற்றினால், இடையில் பூசியிருந்த பழைய பேஸ்ட் ஈரமே இல்லாமல் வெள்ளைப் பொடியாக உதிர்ந்தது. நடுவில் பிராசசரின் உலோகம் தெரிந்தது. ஸ்பிரிட்டில் துடைத்து, பட்டாணி அளவு புதிய பேஸ்ட் வைத்து, நான்கு திருகுகளையும் மூலைக்கு மூலை மாற்றி மாற்றி இறுக்கினேன். பிறகு முழுச் சுமையிலும் 71 டிகிரிக்கு மேல் போகவில்லை. ஒன்று அப்படியென்றால் மற்றவையும் அப்படித்தான் இருக்கும் என்று நான்குக்கும் மாற்றிவிட்டேன்.

இப்போது நிரல். நாங்கள் முதலில் கையிலெடுத்தது ஓர் ஒப்பீட்டைப் பல கணினிகளுக்குப் பங்கிடும் வழி. இணைக் கணிப்பைப் பற்றிப் படித்தால் எல்லாரும் முதலில் காட்டுவது இதைத்தான். ஒரு கட்டம் தன் இடது, மேல், மூலைக் கட்டங்களுக்காகக் காத்திருக்க வேண்டும். ஆனால் வலது மேலிருந்து இடது கீழாகச் செல்லும் ஒரே சாய்வுக்கோட்டில் உள்ள கட்டங்கள் ஒன்றையொன்று எதிர்பார்ப்பதில்லை. அவற்றை ஒரே நேரத்தில் நிரப்பலாம். இதைக் கணினிகளுக்குப் பிரிக்க, அட்டவணையை நான்கு செங்குத்துப் பட்டைகளாக வெட்டினேன். முதல் கணினி தன் பட்டையில் ஒரு வரியை முடித்ததும், ஓரக் கட்டத்தின் மதிப்பை இரண்டாவதுக்கு அனுப்பிவிட்டு அடுத்த வரிக்குப் போகும். இரண்டாவது அதை வாங்கித் தன் பங்கை முடித்து மூன்றாவதுக்குத் தரும். எங்கள் தொழிற்சாலையின் உற்பத்தி வரிசையும் இப்படித்தான் நகர்கிறது என்பதால் எனக்கு இது பிடித்திருந்தது.

அளந்து பார்த்தால் ஓர் ஒப்பீட்டுக்கு 0.8 விநாடி. தனியாக ஒரு கோர் 0.46 விநாடியில் முடித்த வேலைக்கு நான்கு கணினிகள் கூடுதல் நேரம் எடுத்தன. காரணம் சிறு கணக்கில் தெரிந்துவிட்டது. ஒரு பட்டையின் அகலம் சுமார் 2,680 கட்டங்கள். அதை நிரப்ப ஏறக்குறைய 11 மைக்ரோ விநாடி. அதன் முடிவை அடுத்த கணினிக்குச் சொல்ல ஒரு செய்திக்கு 60, 70 மைக்ரோ விநாடி. இப்படி 10,735 வரிகளுக்கும் வரிக்கொரு செய்தி. வேலையைவிட வேலையைச் சொல்லியனுப்புவதற்கே நேரம் போகிறது.

ஆகவே ஒவ்வொரு வரிக்கும் பேசாமல் 256 வரிகளைச் சேர்த்து ஒரே செய்தியாக அனுப்பினோம். 42 தொகுதிகள். ஒரு தொகுதிக்கு 2.7 மில்லி விநாடி வேலை. செய்தி நேரம் அதற்குப் பக்கத்தில் ஒன்றுமில்லை. ஓர் ஒப்பீடு 0.14 விநாடிக்கு வந்தது, மூன்று மடங்குக்கும் மேல் வேகம். தொகுதியை இன்னும் பெரிதாக்கினால் நல்லது என்று தோன்றும், அது நடக்காது. நான்காவது கணினி தன் முதல் தொகுதியைத் தொடங்க முதல் மூன்றும் ஒவ்வொரு தொகுதி முடித்திருக்க வேண்டும். 42 தொகுதிகள் என்றால் மொத்தம் 45 படிகள், இழப்பு சொற்பம். 4,096 வரிகளாகக் கட்டினால் மூன்றே தொகுதிகள், ஆனால் ஆறு படிகள்; பாதி நேரம் யாரோ ஒருவர் சும்மா இருப்பார். 128-க்கும் 512-க்கும் இடையில் எதை வைத்தாலும் எங்களிடம் பெரிய வேறுபாடு இல்லை.

இந்த 0.14-ஐப் பார்த்து நான் மகிழ்ந்துகொண்டிருந்தபோது அக்கா மகள் கேட்டாள்: “மாமா, ஓர் ஒப்பீடு அரை விநாடியில் தானாகவே முடிந்துவிடுகிறது. நம்மிடம் 28,680 ஒப்பீடுகள் இருக்கின்றன. ஒன்றை ஏன் நான்காக வெட்ட வேண்டும்?”

அந்தக் கேள்விதான் இந்த வேலையைத் திருப்பிவிட்டது. ஓர் இணைக்கும் இன்னோர் இணைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஒரு கோரிடம் ஓர் இணையைக் கொடுத்துவிட்டால் முடியும்வரை அது யாரோடும் பேச வேண்டியதில்லை; கடைசியில் ஒரே ஓர் எண்ணைத் திருப்பித் தந்தால் போதும். காத்திருத்தல் இல்லை, ஓர மதிப்புகள் இல்லை. 240 வரிசைகளும் சேர்ந்து இரண்டரை மெகாபைட்டுக்குச் சற்று மேல்தான். நான்கு கணினிகளிலும் முழுசாகப் பிரதியெடுத்து வைக்கலாம். ஒரு வரியின் மதிப்பெண்ணும் இடைவெளிக் கணக்கும் சேர்ந்து 86 கிலோபைட். கோருக்கு 256 கிலோபைட் உள்ள இரண்டாம் நிலை கேஷ் நினைவகத்திலேயே (பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகம்) அடங்கிவிடுகிறது. ஆகவே நான்கு கோரும் ஒரே நேரத்தில் ஓடினாலும் ரேமுக்காக முட்டிக்கொள்வதில்லை.

பங்கீட்டில் மட்டும் ஒரு சிக்கல் இருந்தது. 240 வரிசைகளை நான்கு கணினிகளுக்கும் 60, 60 ஆகப் பிரித்துக் கொடுத்தேன். ஒவ்வொரு வரிசையும் பட்டியலில் தனக்குப் பின்னால் வருபவற்றோடு மட்டும் ஒப்பிடப்படும். இப்படிப் பிரித்தால் முதல் கணினிக்கு 12,570 இணைகள் விழுகின்றன, இரண்டாவதுக்கு 8,970, மூன்றாவதுக்கு 5,370, நான்காவதுக்கு 1,770. நான்காவது கணினி நான்கு நிமிடத்துக்குள் முடித்துவிட்டு விசிறியைத் தணித்துக்கொண்டது. முதலாவது 26 நிமிடம் உழைத்தது. மொத்த வேலை முடியும் நேரம் என்பது மெதுவானவர் முடிக்கும் நேரம்தான்.

மாற்றாக, எல்லா இணைகளையும் ஒரே வரிசையில் நிறுத்தி, இருபது இருபதாகக் கட்டினோம்: 1,434 கட்டுகள். ஒரு மேலாளர் நிரல் கட்டுகளை வைத்திருக்கும். 16 தொழிலாளி நிரல்கள் கை காலியாகும்போது வந்து ஒன்று வாங்கிப் போகும். சூடான கணினி மெதுவாகிப் போனாலும் அது குறைவான கட்டுகளை வாங்கும், அவ்வளவுதான், மற்றவை காத்திருக்காது. கட்டின் அளவையும் மாற்றிப் பார்த்தோம். 200 இணைகளாகக் கட்டினால் ஒரு கட்டுக்கு 100 விநாடி. கடைசிக் கட்டை வாங்கியவருக்காக மற்ற 15 கோரும் நிற்க நேர்கிறது. இருபது என்றால் அந்தக் காத்திருப்பு அதிகம் போனால் பத்து விநாடி.

இதிலும் ஒரு புதிர் வந்தது. முதல் கணினியின் தொழிலாளிகள் மட்டும் மற்றவர்களைவிட மெதுவாக இருந்தார்கள். மேலாளர் நிரல் அந்தக் கணினியில்தான் இருந்தது. அதற்கு வேலை கிட்டத்தட்ட இல்லை, ஆனால் ஓடும் நிரல்களின் பட்டியலைப் பார்த்தால் 100 விழுக்காடு கோர் பிடித்துவைத்திருந்தது. ஓபன் எம்பிஐயில் செய்திக்காகக் காத்திருக்கும் நிரல் தூங்குவதில்லை. வந்ததா, வந்ததா என்று இடைவிடாமல் பார்த்துக்கொண்டே இருக்கும். வேகமான வலைப்பின்னல்களுக்கு அது சரி. எங்களுக்கு ஒரு கோரை அது தின்றது. செய்தி வந்திருக்கிறதா என்று ஒரு முறை பார், இல்லையென்றால் ஒரு மில்லி விநாடி தூங்கு என்று மேலாளரை மாற்றி எழுதினேன். மூன்று வரி மாற்றம். 16 தொழிலாளிகளும் சமமானார்கள்.

அதற்குப் பிறகு கிடைத்ததுதான் அந்த 15 நிமிடம் 10 விநாடி. ஒரு கோரோடு ஒப்பிட்டால் 14.5 மடங்கு. 16 கோருக்கு ஏன் 16 மடங்கு இல்லை என்பதற்கும் விடை கிடைத்தது. இந்தப் பிராசசரில் ஒரு கோர் மட்டும் ஓடும்போது 3.6 கிகாஹெர்ட்ஸ் வரை ஏறுகிறது. நான்கும் ஓடினால் 3.3-ஐ ஒட்டி நின்றுவிடுகிறது. ஓர் இணைக்கு 0.46 விநாடி என்பது 0.50 ஆகிறது. மிச்சம் கடைசிக் கட்டுக்கான காத்திருப்பு. நிரலில் கசிவு எதுவும் இல்லை என்று தெரிந்தபோதுதான் எனக்கு நிம்மதி.

வாட் மீட்டர் இன்னொன்றும் சொன்னது. ஒரே கணினியின் நான்கு கோரிலும் ஓட்டினால் ஒரு மணி நேரம், 70 வாட், செலவு 0.07 யூனிட். நான்கு கணினிகளில் ஓட்டினால் கால் மணி நேரம், 280 வாட், அதுவும் 0.07 யூனிட்தான். ஒரே கோரில் 3 மணி 40 நிமிடம் ஓட்டியபோதுதான் 0.14 யூனிட். ஒரு கோர் வேலை செய்தாலும் கணினியின் மற்ற உறுப்புகள் எல்லாம் விழித்திருக்க வேண்டியிருக்கிறதே. வாங்கிய கணினியின் எல்லாக் கோர்களையும் பயன்படுத்தாமல் வைத்திருப்பது மின்கட்டணத்திலும் வீண்.

விடையைச் சரிபார்த்த விதத்தைச் சொல்ல வேண்டும். யார் எப்போது முடிப்பார் என்பது ஒவ்வொரு ஓட்டத்திலும் மாறுவதால் விடைக்கோப்பின் வரிகள் இடம் மாறி இருக்கும். வரிசைப்படுத்தியபின் தைப்பூசத்துக் கோப்போடு ஒப்பிட்டால் ஓர் எழுத்துகூட வேறுபடக் கூடாது. வேறுபடவில்லை. ஒரு வரிசையைத் தன்னோடே ஒப்பிட்டால் நீளத்தைப்போல் இரண்டு மடங்கு மதிப்பெண் வர வேண்டும்: 10,735-க்கு 21,470. அதுவும் வந்தது.

இத்தனையும் சரியாக இருந்தும் ஒரு பிழை தப்பியிருந்தது, கண்டுபிடித்தவள் அவள்தான். ஒவ்வொரு மதிப்பெண்ணையும் சிறிய வரிசையின் தன்மதிப்பெண்ணால் வகுத்து, 240-க்கு 240 வண்ணப் படமாக வரைந்தாள். டிங்கியின் நான்கு வகைகளும் தங்களுக்குள் சுமார் 65 விழுக்காடே ஒத்தவை என்பதால் படத்தில் நான்கு அடர்ந்த சதுரங்கள் தெரிய வேண்டும். தெரிந்தன: ஒரே வகைக்குள் 0.7-க்கு மேல், வகை மாறினால் 0.3-க்கும் கீழே. ஆனால் வெளிறிய பகுதி ஒன்றின் நடுவில் ஒரு புள்ளி மட்டும் சற்றுக் கருத்திருந்தது. வெவ்வேறு வகையைச் சேர்ந்த இரண்டு கிருமிகள், சுற்றியுள்ளவற்றைவிட அதிகம் ஒத்திருப்பதாகக் காட்டியது. கோப்பைத் திறந்து பார்த்தாள். ஆய்வகத்தில் படிக்க முடியாத இடங்களில் ‘என்’ என்ற எழுத்தைப் போட்டு வைப்பார்கள். இரண்டிலும் ஏறக்குறைய ஒரே இடத்தில் 900 ‘என்’கள் தொடர்ச்சியாக நின்றன. எங்கள் நிரல் ‘என்’னும் ‘என்’னும் ஒன்றுதானே என்று ஒவ்வொன்றுக்கும் இரண்டு மதிப்பெண் கொடுத்துவிட்டது. தெரியாததும் தெரியாததும் ஒத்துப்போவதாகக் கணக்கு. ‘என்’ எதோடு சேர்ந்தாலும் பூச்சியம் என்று மாற்றி, மொத்தத்தையும் மறுபடி ஓட்டினோம். கால் மணி நேரத்தில் புள்ளி மறைந்தது. வேகத்தால் என்ன பயன் என்று யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன். பாதி நாள் பிடிக்கும் வேலையாக இருந்திருந்தால் அந்த ஒரு புள்ளிக்காக மறுபடி ஓட்டியிருப்போமா என்பது சந்தேகம்.

பட்டைகளாக வெட்டும் முதல் நிரலை நாங்கள் அழித்துவிடவில்லை. இ.கோலை கே-12 பாக்டீரியாவின் மரபணுத்தொகுதி 4,641,652 எழுத்துகள். அந்த அளவில் இரண்டை ஒப்பிட்டால் 21 டிரில்லியனுக்கும் மேற்பட்ட கட்டங்கள், ஆனால் இணை ஒன்றே ஒன்று. அங்கே அட்டவணையை வெட்டத்தான் வேண்டும். 16 கோரும் முழுசாக உழைத்தால் ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குள் முடியலாம் என்பது என் கணக்கு. நிறைய சிறு வேலைகள் இருந்தால் வேலைகளைப் பிரி, ஒரே பெரிய வேலை என்றால் வேலையை வெட்டு. எங்களிடம் இருந்தது முதல் வகை.

கடைசிக் கட்டமாக ஒவ்வொரு கோருக்குள்ளும் இருக்கும் இணைத்தன்மையை எடுத்தோம். ஐ5-6500-இல் ஏவிஎக்ஸ்2 கட்டளைகள் உண்டு. 256 பிட் அகலமுள்ள ஒரு பதிவேட்டில் 16 பிட் எண்கள் பதினாறை வைத்து ஒரே கட்டளையில் கூட்டலாம், பெரியதைத் தேர்ந்தெடுக்கலாம். ஒரு வரிசையை ஒரே நேரத்தில் வேறு 16 வரிசைகளோடு ஒப்பிடும்படி எழுதினோம். நீளம் குறைந்தவற்றின் வாலில் ‘என்’களை ஒட்டிச் சமப்படுத்தலாம், அதற்குப் பூச்சியம் என்று ஏற்கெனவே முடிவு செய்திருந்ததால் மதிப்பெண் மாறாது. 16 மடங்கு கிடைக்கவில்லை, ஒன்பதை ஒட்டிக் கிடைத்தது. முழு வேலையும் 1 நிமிடம் 45 விநாடி.

இந்த நிரலைச் சோதிக்க அவள் நிப்பாவை எடுத்தாள். 1998, 1999-இல் பேராவிலும் நெகிரி செம்பிலானிலும் நூற்றுக்கு மேற்பட்டோரைக் கொன்ற கிருமி. சுங்கை நிப்பா கிராமத்தின் பெயரைத் தாங்கியது. முதலில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்துக் கொசுவை விரட்டிக்கொண்டிருந்த காலத்தை என் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மலேசியாவில் கிடைத்த நிப்பாவின் நீளம் 18,246 எழுத்துகள், வங்காளதேசத்தில் கிடைத்ததற்கு 18,252. இரண்டும் ஆறால் மீதியின்றி வகுபடும். இந்தக் குடும்பத்துக் கிருமிகளில் ஒவ்வொரு புரத மூலக்கூறும் ஆறு ஆறு எழுத்துகளைப் பற்றிக்கொள்வதால் மொத்த நீளமும் ஆறின் மடங்காகவே இருக்க வேண்டும் என்று அவள் விளக்கினாள். இரண்டுக்கும் இடையில் வேறுபாடு சரியாக ஆறு.

மலேசிய நிப்பாவைத் தன்னோடே ஒப்பிட்டோம். 36,492 வர வேண்டும். வந்தது 32,767. 16 பிட் எண்ணில் அடங்கும் மிகப் பெரிய மதிப்பு அது. நாங்கள் பயன்படுத்திய கூட்டல் கட்டளை, எல்லையைத் தொட்டால் அங்கேயே நின்றுவிடும் வகை. டிங்கியின் உச்ச மதிப்பெண் 21,470-ஐத் தாண்டாததால் 28,680 இணைகளிலும் இது தலைகாட்டவே இல்லை. இப்போது நிரல் முதலில் நீளத்தைப் பார்க்கிறது. 16,383 எழுத்துகளுக்கு மேல் போனால் 32 பிட் எண்களுக்கு மாறி, பதினாறுக்குப் பதில் எட்டு எட்டாக ஒப்பிடுகிறது. வேகம் பாதியாகிறது, விடை சரியாகிறது. மலேசிய நிப்பாவையும் வங்காளதேச நிப்பாவையும் வழித்தடத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, ஆய்வில் வெளியாகியுள்ள 91.8 விழுக்காட்டை ஒட்டியே எங்கள் எண்ணும் நின்றது. 333 மில்லியன் கட்டங்களுக்குக் கட்டத்துக்கு ஒரு பைட் வைத்தால் 333 மெகாபைட். ஒரே கணினியின் ரேமில் தாராளமாக அடங்கும்.

மறுபடி தொடங்கினால் நான்கு கணினிகள் வாங்க மாட்டேன். ஆறு கோருள்ள ஐ5-8500 கணினிகள் இரண்டு போதும்: 12 கோர், ஒரே ஒரு கேபிள், துடைத்துப் பேஸ்ட் வைக்க இரண்டே பிராசசர். ஏவிஎக்ஸ்2 வழியைக் கணினி வாங்குவதற்கு முன்பே எழுதிப் பார்ப்பேன். கையிலிருந்த மடிக்கணினியே பெரும்பகுதியைச் சுமந்திருக்கும். சோதனைக்கு எப்போதும் நம் வேலையைவிட நீளமான ஒரு வரிசையைச் சேர்த்துக்கொள்வேன். ‘என்’களை எண்ணிப் பட்டியலிடும் சிறு நிரலை ஒப்பீட்டுக்கு முன்னாலேயே ஓட்டுவேன்.

கணினிகள் இப்போதைக்குப் பின்னறையிலேயே இருக்கின்றன. மாலையில் இடி மின்னல் வந்தால் நீட்டிப்புப் பலகையைச் சுவரிலிருந்து பிடுங்கிவிடுகிறேன். அதனால் மேலாளர் நிரல் முடிந்த கட்டுகளைக் கோப்பில் குறித்துவைத்து, விட்ட இடத்திலிருந்து தொடரும்படி இந்த வாரம் மாற்றிக்கொண்டிருக்கிறேன். அது முடிந்ததும் பட்டியலை 240-லிருந்து 1,000-க்கு உயர்த்தப் போகிறாள். 499,500 இணைகள், இன்றைய வேகத்தில் ஏறக்குறைய அரை மணி நேரம்.